பானை ஓட்டைத் திருப்பிப் பிடித்தால்

19.01.2025, காலை (கேட்டவர் ஈரோட்டில் படிக்கும் ஒரு மாணவி)

வணக்கமுங்க. கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பானைக் கீறல்களைப் படத்திலிருந்து எடுத்துக் கணினியில் தேடுகிற மாதிரி ஏற்றணும், இதுதான் என் புராஜெக்ட். ஒரே குறி ஒரு ஓட்டில் நேராக இருக்கு, இன்னொன்றில் கவிழ்ந்திருக்கு, மூன்றாவதில் இடவலம் மாறியிருக்கு. மூன்றையும் ஒரே எழுத்தாகப் பதிவதா, மூன்று எழுத்தாகவா? ஒரே எழுத்து என்றால் அது கவிழ்ந்திருந்ததை எங்கே எழுதி வைப்பதுங்க?

19.01.2025, இரவு

ஒன்றுதான் அம்மிணி. யோசிக்கவே வேண்டாம்.

எங்கப்பா பெருந்துறைப் பக்கம் டிரெடில் பிரஸ் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, நோன்பு நோட்டீஸ், ரசீது புக். கம்போஸ் செய்யும்போது ஈய எழுத்து ஸ்டிக்கில் (எழுத்துக் கோக்கும் கைத்தட்டு) கவிழ்ந்தபடிதான் நிற்கும், இடமிருந்து வலமாக அப்படியே வாசித்துப் போக வேண்டும். எட்டு வயதில் நான் கவிழ்ந்த தமிழைத் தடங்கலில்லாமல் வாசிப்பேன். கவிழ்ந்த 'க' எனக்கு எப்போதும் 'க'தான். திசை கையில் இருக்கிறது, எழுத்தில் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 1978இல் அரசாணை வந்து ணை, லை, ளை, னை நாலும் உருவம் மாறின. துதிக்கை போட்ட பழைய லைக்கும் இன்றைய லைக்கும் கணினியில் குறியீடு ஒன்றே. எழுத்துருவை மாற்றினால் பழைய உருவம் வந்து நிற்கும். உருவம் எழுத்துருவின் பாடு, எழுத்து யார் என்பது மட்டுமே குறியீட்டின் பாடு. அதனால் மூன்று ஓட்டுக்கும் ஒரே குறியீடு போடு. கவிழ்ந்ததைக் குறிப்புப் பத்தியில் எழுது.

19.01.2025, இரவு, சற்றுக் கழித்து

மேலே விட்டுப்போனது. உருவம் ஒன்றாக இருந்தும் இரண்டு எழுத்தாக வைத்ததும் நம்மிடமே உண்டு. தமிழ் எண் ஒன்று 'க' உருவம்தான். ஆனால் ௧ வேறு குறியீடு, க வேறு குறியீடு. ஆகவே உருவத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்ற என் பேச்சுக்கு இதுவும் சாட்சி.

21.01.2025

"யோசிக்கவே வேண்டாம்" என்று எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். யோசித்திருக்க வேண்டும்.

காங்கேயத்தில் பிறந்து இப்போது கனடாவில் இருக்கும் ஒருவர் தனியாக எழுதியிருந்தார். அங்கே கிரீ மொழிக்கு 1840 வாக்கில் ஜேம்ஸ் எவான்ஸ் என்ற பாதிரியார் அமைத்த எழுத்து. ஒரு முக்கோணம். முனை கீழே பார்த்தால் ஏ, மேலே பார்த்தால் இ, வலப்பக்கம் பார்த்தால் ஓ, இடப்பக்கம் பார்த்தால் அ. மெய் சேர்ந்தாலும் இதே கதை, உருவம் மெய்யைச் சொல்லும், திசை உயிரைச் சொல்லும். ஒருங்குறியில் (யூனிகோட்) ஒவ்வொரு திசைக்கும் தனித்தனிக் குறியீடு. என் விதியை அங்கே கொண்டுபோனால் அந்த மொழியில் ஒரு வார்த்தை மிஞ்சாது.

ஈய எழுத்திலும் இது நடந்திருக்கிறது. பெட்டியில் ஒரு எழுத்து தீர்ந்துவிட்டால் அந்த இடத்துக்கு வேறொன்றைக் கவிழ்த்து வைப்போம், புரூப்பில் கறுப்பாகத் தெரியும், பிறகு மாற்றிக்கொள்வோம். ஒலிப்பு அகராதிகளில் வரும் கவிழ்ந்த ஆங்கில 'ஈ'யைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் கவிழ்த்து வைத்த அச்செழுத்துத்தான், இன்று தனிக் குறியீடு பெற்ற தனி எழுத்து. ரோமப் பேரரசன் கிளாடியஸ் தன் மொழியின் 'எஃப்' எழுத்தைக் கவிழ்த்து இன்னொரு ஒலிக்கு எழுத்தாக்கினான். அவன் போனதும் அது வழக்கொழிந்தது, ஆனால் கல்வெட்டில் இருப்பதால் ஒருங்குறியில் இடம் உண்டு.

பழந்தமிழை எழுதிய நம்ம பிராமிக்கே வருகிறேன். அதில் 'ர' வெறும் செங்குத்துக் கோடு. எண் ஒன்று வெறும் படுக்கைக் கோடு. ஓட்டைக் கால் சுற்றுத் திருப்பினால் ஒன்று மற்றதாகிவிடும். 'க' கூட்டல் குறி, எத்தனை கால் சுற்று திருப்பினாலும் 'க'தான். அரைக்கால் சுற்று திருப்பினால் பெருக்கல் குறி, அது கீறல் குறியாகவும் கிடைக்கிறது. 'ந' என்பது படுக்கைக் கோட்டின்மேல் நிற்கும் செங்கோடு, கவிழ்த்தால் பிராமியில் அப்படி ஓர் எழுத்தே இல்லை.

அப்படியென்றால் சில எழுத்துக்குத் திசை உயிர், சிலதுக்கு ஒன்றுமேயில்லை. எது எந்த ரகம் என்பது வாசிக்கத் தெரிந்த எழுத்தில்தான் தெரியும். கீறல் குறிகளை யாரும் இன்னும் வாசிக்கவில்லை.

22.01.2025

ஆகவே அந்த மாணவியின் கேள்வி முதலிலிருந்து நிற்கிறது. நான் பதில் சொல்லவில்லை.

26.01.2025

இன்றைக்கு விடுமுறை. அம்மா அடுக்களை அட்டாலியைத் துடைத்துத் தரச் சொன்னார். மேலே அவர் கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடம் கவிழ்த்து வைத்திருந்தது. தோளில் பேர் வெட்டியிருக்கும், எல்லா வீட்டிலும் போல. அம்மா பேர், அப்புச்சி பேரின் முதலெழுத்து, வருசம். புள்ளி புள்ளியாக உளி வைத்துத் தட்டியது.

குடத்தை இறக்கித் தண்ணீர் பிடிக்க நிறுத்தினேன். பேர் தலைகீழ்.

நாற்பது வருடமாக இந்தக் குடத்தைப் பார்க்கிறேன், இது கண்ணில் பட்டதில்லை. அட்டாலியில் கவிழ்ந்திருக்கும்போது பேர் நேர். இடுப்பில் இருக்கும்போது தலைகீழ். அம்மாவிடம் கேட்டேன்.

"பாத்திரக்கடைல பேர் வெட்டறவரு குடத்தெ மடீல கவுத்தி வெச்சுக்கிட்டுத்தான் வெட்டுவாரு. வாய் அவரு பக்கம் இருக்கும். நிமுந்து நின்னாக் குடம் அவரு கைக்கு நிக்குமா?"

அவ்வளவுதான். எழுத்துக்குத் திசை வந்தது வெட்டியவர் மடியிலிருந்து. ஒன்றுவிட்ட சித்தி வீட்டுத் தவலையில் பேர் நேராகவே இருக்கிறது (போன் பண்ணிக் கேட்டேன்). வேறு கடை, வேறு கை.

இப்போது கொடுமணலுக்கு வாருங்கள். நொய்யல் வடகரை. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர், மணிக்கும் இரும்புக்கும் பேர்போனது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம், பிறகு மற்றவர்கள் எனப் பல முறை தோண்டி, தமிழ் பிராமி எழுதிய ஓடுகளே ஐந்நூறுக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் சுட்ட பிறகு கூர்மையான எதையோ வைத்துக் கீறியவை. கடைக்காரர் கீறவில்லை, பானைக்குச் சொந்தக்காரரோ அவருக்காக இன்னொருவரோ கீறினார். மடியில் கவிழ்த்து வைத்துக் கீறியிருந்தால்? அம்மாவின் குடம்தான்.

ஓடு மட்டும் கையில் இருக்கும்போது நாம் எழுத்து நேராகத் தெரியும்படி திருப்பிப் படமெடுத்துவிடுகிறோம். அந்த நொடியில் மடி போய்விடுகிறது.

27.01.2025

தட்டில் பேர் வெட்டினால் விளிம்பைச் சுற்றிப் போகுமே, அதற்கு எது மேல் என்று ஒரு நண்பர் கேட்கிறார். நல்ல கேள்வி. வட்டத்தில் எழுதினால் மேல் என்பது மையமா, விளிம்பா என்று மட்டும் கேட்க முடியும். எங்கள் வீட்டுத் தட்டுகளில் எழுத்தின் கால் எல்லாம் மையத்தைப் பார்க்கிறது. உங்கள் வீட்டில் பாருங்கள்.

02.02.2025

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று ஒரு வாரம் படித்தேன். பயன்பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

எகிப்தியச் சித்திர எழுத்து இரண்டு திசையிலும் எழுதப்பட்டது. பறவையும் மனிதனும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கமிருந்து வாசிக்கத் தொடங்க வேண்டும். கதவின் இரு பக்கத் தூணிலும் எழுதினால் இரண்டு வரியும் கதவைப் பார்த்தபடி எதிரெதிராக நிற்கும், அழகுக்காக. 2009இல் ஒருங்குறியில் 1071 குறிகள் சேர்ந்தன, எல்லாமே இடமிருந்து வலம். ஒரு வரிக்குள் ஒரே ஒரு குறி மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால்? பத்து வருடத்துக்கு மேல் அதற்கு வழியில்லை. 2022இல்தான் "முந்தைய குறியை இடவலம் திருப்பு" என்று சொல்லும் ஒரு கட்டுப்பாட்டுக் குறி வந்தது. கால் சுற்று, அரைச் சுற்று திருப்பியவற்றுக்கு மாறுவடிவத் தெரிவிகள் என்ற ஒட்டுக் குறிகள் வந்தன. கவனியுங்கள், திரும்பிய கொக்குக்குத் தனிக் குறியீடு கொடுக்கவில்லை. கொக்கு ஒன்றே, பக்கத்தில் "திரும்பியிருக்கிறது" என்ற சீட்டு.

கிரீட் தீவின் ஃபைஸ்டோஸ் வட்டில் என்ற, குறிகள் பதித்த பழைய மண் தட்டு உலகத்தில் ஒன்றே ஒன்று. வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் கருத்து. 2008இல் அதைச் சேர்த்தபோது இடமிருந்து வலம் என்று வைத்து, குறிகளை எல்லாம் கண்ணாடியில் பார்த்தபடி திருப்பிவிட்டார்கள். தட்டச்சு செய்பவருக்கு வசதிதான். ஆனால் அந்த எழுத்துருவைப் பார்த்துவிட்டு மண் வட்டிலைப் பார்க்கும் பிள்ளை குழம்பும்.

நம்ம பிராமி 2010இல் வந்தது, தமிழுக்கே உரிய ழ, ற, ன மூன்றும் அப்போதே சேர்ந்தன. புள்ளியும் குறில் எ, ஒவும் 2021 வரை காத்திருந்தன. திசைக்கு அங்கே சீட்டு எதுவும் இல்லை, இடமிருந்து வலம், அவ்வளவே. ஆனால் மதுரைப் பக்கம் கீழவளவுக் குகையில் எழுத்துகள் தலைகீழாகவும் திரும்பியும் கிடக்கின்றன. ஆந்திரத்து எர்ரகுடியில் அசோகனின் சிறுபாறைச் சாசனத்தில் ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்த வரி வலமிருந்து இடம் என்று ஏர் திரும்புகிற மாதிரி ஓடும் பகுதி உண்டு.

02.02.2025, மாலை

ஏர் உவமையை எங்க பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "நம்ம பக்கம் எருது அப்பிடி ஒட்டி ஒட்டித் திரும்பாதுடா, வளைச்சு வட்டமாத்தான் ஓட்டுவோம்." கிரேக்கர்கள் அந்த எழுத்துமுறைக்கு எருது திரும்புவதை வைத்தே பேர் வைத்தார்கள் என்றேன். "அவங்க காடு அப்பிடி நீளமா இருந்திருக்கும்" என்று முடித்துவிட்டார்.

03.02.2025

ஒரு திருத்தம், தொழில்நுட்பத்தில். வலமிருந்து இடமாக ஓடும் பிராமி வரியைத் திசை மாற்றும் கட்டுப்பாட்டுக் குறி போட்டுக் காட்டலாம் என்று மாணவிக்குத் தனியாக எழுதியிருந்தேன். போட்டுப் பார்த்தேன். வரிசை திரும்புகிறது, எழுத்து திரும்பவில்லை. அடைப்புக்குறி திரும்புகிறது, ஏனென்றால் அது போன்ற சில குறிகளுக்குத்தான் கண்ணாடிப் பண்பு உண்டு என்று ஒருங்குறித் தரத்திலேயே எழுதியிருக்கிறது. எழுத்தும் திரும்ப வேண்டுமானால் எழுத்துரு செய்பவர் திரும்பிய வடிவத்தைத் தனியாக வரைந்து வைத்திருக்க வேண்டும். திரையில் காட்டுவது வேறு, பதிந்து வைப்பது வேறு. இரண்டையும் நான் கலந்துவிட்டேன்.

06.02.2025

ஒருங்குறியில் அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கும் தனிப் பயன்பாட்டுப் பகுதியில் குறிகளை வைத்துக்கொள்ளலாமே, 6400 இடம் சும்மா கிடக்கிறதே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். கீறல் குறிக்கு ஒருங்குறியில் இடம் இல்லாதபோது அதுதான் வழி என்பது சரி. ஆனால் என் கடைக்கு வந்து பாருங்கள். ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துரு முறைகளான பாமினியில் ஒரு பெட்டி, டாமில் ஒரு பெட்டி, டாபில் ஒரு பெட்டி என்று பழைய சிடிக்கள். எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கிலக் குப்பை. இருபத்தைந்து வருடத்துக்கு முன் நானே அடித்த குலதெய்வக் கோவில் தலவரலாறு ஒன்றை எழுத்துரு தேடித் தேடி மூன்று நாளில் மீட்டேன். இன்று தனிப் பகுதியில் வைப்பது நாளைக்கு அதே குப்பை. வைத்தால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண்ணும் சொல்லும் இருக்க வேண்டும்.

எண்ணுக்கு அலைய வேண்டாம். சிந்துவெளிக் குறிகளையும் தமிழ்நாட்டுக் கீறல்களையும் ஒப்பிட்டு மாநிலத் தொல்லியல் துறைக்காக கா. ராஜனும் இரா. சிவானந்தனும் செய்த ஆய்வு போன மாதம்தான் சென்னையில் வெளியானது. முதல்வர் சிந்து எழுத்தைப் படிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் அறிவித்த அதே விழா. 2107 குறிகளை 42 அடிப்படைக் குறி, 544 மாறுவடிவம், 1521 கூட்டுக்குறி என்று பிரித்திருக்கிறார்கள். அந்த வரிசையையே பிடித்துக்கொள்ளலாம்.

11.02.2025

தைப்பூசம். சென்னிமலைத் தேர் பார்த்துவிட்டு, கீழே போர்வைக் கடைகளில் நின்றேன். ஊர்ப் பேர் நெய்த போர்வை ஒன்றைப் பிரித்துக் காட்டினார்கள். முன்பக்கம் நேர், பின்பக்கம் நிறமும் மாறி எழுத்தும் இடவலம் மாறி. தறிக்காரர் சொன்னார்: "கிராப் அட்டையில ஒரு எழுத்துதானுங்க. துணிக்குத்தான் ரெண்டு பக்கம்." என்னுடைய முதல் பதிவை எனக்கு நினைவூட்டினார். ஆனால் பின்பக்கத்தை மட்டும் கண்டெடுத்தவருக்கு அது எப்படித் தெரியும்?

சாமி கும்பிட்ட கையோடு இதையே நினைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

13.02.2025

எழுதலாமா என்று ஒரு மாதமாக யோசித்தது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுத்தேன். ஓரத்தில் பிராமி எழுதிய ஓட்டின் படம். பேச்சாளர் படம் வலப்பக்கம் வந்ததால், பார்வைக்குச் சரியாக இருக்கட்டும் என்று ஓட்டை இடவலம் புரட்டினேன். ஒரு சொடுக்கு. நான் அன்று எழுத்தாகப் பார்க்கவில்லை, ஓவியமாகப் பார்த்தேன். விழாவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அதன் முன் வெகுநேரம் நின்று, ஒவ்வோர் எழுத்தாக விரலால் காற்றில் எழுதிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "தம்பி, இந்த ஓடு கிடைச்ச மாதிரியே இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் படம் பிறகு பல கைபேசிகளுக்குப் போனது. இப்போதும் வாட்ஸாப்பில் புரண்டபடியே எனக்கே திரும்பி வருகிறது. திசையைப் பதியாமல் விட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டவருக்கு இதுதான் என் பதில்.

16.02.2025

அறச்சலூர் நாகமலைக்குப் போய் வந்தேன். வெடியால ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் ஏறிவிடலாம்.

தெரியாதவர்களுக்கு: குகைப் பாறையில் பிராமியிலிருந்து வட்டெழுத்துக்கு நகர்ந்துகொண்டிருந்த காலத்து எழுத்து. புலவர் செ. இராசு வெளிக்கொண்டு வந்தது. "எழுத்தும் புணருத்தான் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்" என்று செய்தவன் பேர் இருக்கிறது. பொன்னும் மணியும் நோட்டம் பார்க்கிறவன் வண்ணக்கன். பக்கத்தில் ஐந்துக்கு ஐந்தாக அவன் புணர்த்த எழுத்து:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

மேலிருந்து வாசியுங்கள், கீழிருந்து வாசியுங்கள், இடமிருந்து, வலமிருந்து. ஒன்றே. தாளமோ அடவோ, காலால் ஆடிப் பார்த்தவருக்குத்தான் அது முழுசாகப் புரியும்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கட்டத்தை ஒருங்குறியில் தட்டி மாணவிக்கு அனுப்பிவிட்டேன் என்று வையுங்கள். கோப்பில் 25 அசை. கல்லை அரைச் சுற்றுத் திருப்பி வாசித்தாலும் அதே 25 அசை, அதே வரிசை. வேறெந்தக் கல்வெட்டிலும் தலைகீழாக வாசித்தால் சொல் உளறலாகி நம்மைத் தடுத்து நிறுத்தும். இங்கே சொல் எதுவும் சொல்லாது. எது மேல் என்று சொல்வது எழுத்தின் நிற்பு மட்டும்தான், 'த'வின் கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான். அது கோப்பில் இல்லை, கல்லில் இருக்கிறது.

சாத்தன் எல்லாத் திசைக்கும் பொருந்துகிற மாதிரி வேண்டுமென்றே புணர்த்தான். அவ்வளவு வேலை செய்தவனின் கல்லில் மேல் எது கீழ் எது என்று நாம் எழுதாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

20.02.2025

மாணவிக்கு இப்போது நான் சொல்வது இது. 19ஆம் தேதிப் பதிலைக் கிழித்துவிடு.

வாசிக்கத் தெரிந்த பிராமி எழுத்தானால் ஒரே குறியீடு, திசை தனிச் சீட்டில். வாசிக்கத் தெரியாத கீறலானால் அடிப்படைக் குறியின் எண், திசை தனிச் சீட்டில், ஆனால் தேடும்போது இரண்டையும் சேர்த்தும் பிரித்தும் தேட முடிய வேண்டும். கவிழ்ந்தது வேறு குறியா இல்லையா என்று நீயும் நானும் இன்று முடிவு செய்யக் கூடாது, பின்னால் எண்ணிப் பார்க்கிறவர் முடிவு செய்யட்டும். கிரேக்கக் கல்வெட்டுக்காரர்கள் வரி ஓரத்தில் அம்புக்குறி போட்டு வந்தார்கள், கல்வெட்டைக் கணினியில் பதியும் எபிடாக் முறையில் வரிக்குத் திசையைப் பண்பாக எழுதுகிறார்கள். நீயும் அப்படியே.

திசை என்றால் எதை வைத்து? படத்தை வைத்து அல்ல. பானையின் வாயை வைத்து. விளிம்புத் துண்டானால் வாய் தெரியும். நடுத்துண்டானால் உள்பக்கம் சக்கரத்தில் வனைந்த வரி ஓடும், அது எப்போதும் படுக்கை. மேலா கீழா என்று தெரியாமல் போகலாம், ஆனால் குறி வரிக்கு இணையா செங்குத்தா என்பது தெரிந்துவிடும். நான் பயந்த 'ர'வும் ஒன்றும் அங்கேயே பிரிந்துவிடும். 'ந' கவிழ்ந்ததா என்பது பிரியாது. அந்த இடத்தில் "தெரியவில்லை" என்றே எழுது, காலியாக விடாதே. காலியாக விட்டால் நேராக இருந்தது என்று அடுத்தவர் எடுத்துக்கொள்வார்.

படத்தை ஒருபோதும் புரட்டாதே.

23.02.2025

மாணவி வீட்டுக்கு வந்திருந்தது. ஓடுகளில் கை வைப்பதற்கு முன் ஒத்திகை பார்க்க அம்மாவின் குடத்தையே முதல் பதிவாக ஏற்றிக் கொண்டுவந்திருந்தது. எழுத்து: பேர், முதலெழுத்து, வருசம். இடம்: தோள். திசை: வாய் மேலிருந்தால் தலைகீழ், கவிழ்த்தால் நேர். காரணம்: வெட்டியவர் மடி, உடையவர் வாய்மொழி.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாக வாசித்தார். "எல்லாஞ் செரியாத்தான் இருக்குது கண்ணு. அடீல ஒரு குறி இருக்குதே, அதெப் பதியலயா?"

குடத்தைத் திருப்பினோம். அடியில், கரி படிந்த இடத்தில், உளியால் அடித்த மூன்று கோடும் ஒரு வளைவும். கடைக்காரர் எடைக்குப் போட்டதா, வார்த்தவர் போட்டதா, அம்மாவுக்கே தெரியவில்லை. அடி வட்டமாக இருப்பதால் எந்தப் பக்கம் மேல் என்பதும் தெரியவில்லை. மாணவி குடத்தை மடியில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, திசை என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று அடித்தது.